கல்லை விட்டு மீன் தானே எழும்பும்

முதல் தடவை நான் கல்லில் போட்டெடுத்த மீனை வீட்டில் புட்டு என்று சொல்லித்தான் சாப்பிட்டார்கள். நானும் மறுக்கவில்லை. பாதி ஒட்டிக்கொண்டும் மீதி உதிர்ந்தும் கிடந்ததைப் பார்த்த அம்மா, ரெண்டு பச்சை மிளகாயும் ஒரு கைப்பிடி தேங்காய்ப் பூவும் போட்டுக் கிளறிவிட்டு, "சுறாவுலதான் புட்டு வைப்பாக. நீ பாறை மீனுல வச்சிருக்க. நல்லாத்தான் இருக்கு" என்றாள். மகள்தான் விடவில்லை. "அப்பா, நீங்க காட்டுன வீடியோவுல இப்படி இல்லியே?"

எதற்கு இந்த வேலை என்று சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் குடியிருக்கிறோம். மனைவி நர்ஸ். மாதத்தில் பாதி நாள் மதியம் வேலைக்குப் போனால் ராத்திரி ஒன்பதரைக்குத்தான் வருவாள். எனக்கு வண்ணார்பேட்டையில் கணக்கெழுதும் வேலை. மகள் பிளஸ் ஒன், டியூஷன் முடிந்து எட்டு பத்துக்கு வீட்டுக்கு வருவாள். போன வருஷம் வரை எங்கள் ராத்திரிச் சாப்பாடு தோசை, இல்லையென்றால் பொட்டலத்தில் புரோட்டாவும் சால்னாவும். திருநெல்வேலிக்காரன் இதற்கெல்லாம் வெட்கப்படுவதில்லை. ஆனால் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் சுகரும் கொழுப்பும் ஒன்றாக ஏறி நின்றன. டாக்டர் அதிகம் பேசவில்லை. "தட்டுல பாதி காய்கறி, கால் பங்கு மீனோ முட்டையோ பயறோ, மிச்ச கால் பங்குதான் சோறு. வாரம் ரெண்டு நாள் மீன் சாப்பிடுங்க, ஆனா எண்ணெயில முக்கிப் பொரிக்காதீங்க."

எங்கள் வீட்டில் மீன் என்றால் குழம்பு, இல்லாவிட்டால் பொரிப்பு. குழம்பு வைத்தால் சோறு தானாக உள்ளே போகும், அளவு நிற்காது. பொரிக்கவும் கூடாது. மிச்சம் இருந்தது, கல்லில் கொஞ்சமாக எண்ணெய் விட்டு, தோல் பக்கம் முறுக, உள்ளே மெத்தென்று இருக்கும்படி போட்டெடுப்பது. ஆறே நிமிஷ வேலை என்றார்கள். அந்த ஆறு நிமிஷத்தைக் கற்றுக்கொள்ள எனக்கு நாலு மாதம் ஆயிற்று.

முதல் சிக்கல் மார்க்கெட்டிலேயே வந்தது. நம் ஊரில் மீனை வட்டத் துண்டாகத்தான் போட்டுத் தருவார்கள். நடுவில் முள், சுற்றிலும் சதை. குழம்புக்கு அதுதான் சரி. கல்லில் போட்டால் முள் இருக்கும் இடம் தூக்கிக்கொண்டு நிற்கும், சதை கல்லில் படியாது. எனக்கு வேண்டியது நடுமுள்ளை ஒட்டி நீளவாக்கில் வகுந்து எடுத்த, ஒரு பக்கம் தோலோடு இருக்கும் சதை. இதை மீன்கார அக்காவிடம் விளக்க நான் பட்ட பாடு!

"யக்கா, முள்ளு இல்லாம, தோலு மட்டும் இருக்கட்டும்."

"தோல உரிக்கணுமா தம்பி?"

"இல்லக்கா, தோலு இருக்கணும். முள்ளுதான் வேண்டாம்."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தவருக்குச் சட்டென்று பிடிபட்டது. "கருவாட்டுக்குக் கீறுத மாதிரி கீறி, ரெண்டு பக்கத்தையும் தனித்தனியா எடுத்துத் தரணும். அம்புட்டுதான? அத மொதல்லயே சொல்லிருக்கலாம்லா?" அதற்கப்புறம் நான் போய் நின்றாலே "கருவாட்டுக் கீறலா?" என்றுதான் கேட்பார். ஒரு கிலோ மீனை இப்படி எடுத்தால் அரைக் கிலோவுக்கும் குறைவாகத்தான் சதை தேறும். தலையையும் நடுமுள்ளையும் விட்டுவிட்டு வராதீர்கள். மறுநாள் தேங்காய் அரைத்த குழம்புக்கு அதைவிட ருசியான சாமான் கிடையாது.

எந்த மீன்? எனக்குச் சரியாக வந்தவை விளைமீன், பாறை, ஊளி. மூன்றும் உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை பக்கமிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வருபவை. சதை கெட்டி, திருப்பும்போது உடையாது. கையில் காசு குறைந்த வாரம் அயிலை. அதை முழுதாக வயிறு கீறிச் சுத்தம் செய்து, இரண்டு பக்கமும் மூன்று கீறல் போட்டு அப்படியே கல்லில் வைத்துவிடலாம். அயிலையிலும் சாளையிலும் இருக்கும் கொழுப்பு இதயத்துக்கு நல்லது என்று டாக்டர் தனியாகச் சொன்னார். விலை உயர்ந்த மீன்தான் சத்தான மீன் என்று நினைத்திருந்த எனக்கு அது சந்தோஷமான செய்தி. மீனைப் பார்த்து வாங்குவது நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கண் துருத்திக்கொண்டு பளிச்சென்று இருக்க வேண்டும், செவுள் சிவப்பாக இருக்க வேண்டும், அழுத்தினால் விரல் பதிந்த குழி மறைய வேண்டும்.

ஆனால் நல்ல மீன் வாங்கினால் மட்டும் போதாது என்பதை ஒரு மே மாதம் எனக்குக் காட்டியது. காலை ஏழு மணிக்கு அருமையான அயிலை வாங்கி, வண்டி டிக்கியில் போட்டுவிட்டு, வழியில் ஒரு வேலை, அப்புறம் இன்னொரு வேலை என்று ரெண்டரை மணி நேரம் சுற்றிவிட்டேன். அக்கினி நட்சத்திர வெயில். வீட்டுக்கு வந்ததும் கழுவி, குளிர்பெட்டியில் வைத்து, ராத்திரி நன்றாக வேகவைத்துத்தான் சாப்பிட்டேன். அன்றைக்கு மகளும் அம்மாவும் விரதம், சாப்பிட்டது நான் மட்டும். அரை மணி நேரத்தில் முகம் சிவந்து, கழுத்தெல்லாம் அரிப்பு, தலைவலி. மீன் எனக்கு ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டது என்று பயந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் மீனின் பெயரையும் அது வெயிலில் இருந்த நேரத்தையும் கேட்டார். அயிலை, சூரை போன்ற மீன்கள் சூட்டில் கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் சேர்ந்துவிடுமாம். எவ்வளவு வேகவைத்தாலும் அது அழியாது. வாசனையில் கூடத் தெரியாமல் போகலாம். இப்போது டிக்கியில் ஒரு தெர்மோகோல் டப்பா வைத்திருக்கிறேன். மீன்கார அக்காவிடமே ரெண்டு கை ஐஸ் வாங்கிப் போட்டு, நேராக வீட்டுக்கு வருகிறேன். மற்ற வேலையெல்லாம் அப்புறம்தான்.

இனி அடுப்படி. புட்டாகிப் போன முதல் தடவை நான் செய்தவை எல்லாமே தப்பு. மீனை ஆறு தண்ணீரில் கழுவி, சொட்டச் சொட்ட எடுத்து, மிளகாய்ப்பொடி, மஞ்சள், எலுமிச்சைச் சாறு, உப்பு பிசறி ஒரு மணி நேரம் ஊறவைத்தேன். அப்புறம் பெரிய தீயில் கல்லை வைத்து நாலு துண்டையும் ஒரே நேரத்தில் அடுக்கினேன். ஈர மீன் விழுந்ததும் கல் குளிர்ந்தது. மீன் தண்ணீர் விட்டது. அந்தத் தண்ணீரிலேயே வெந்தது. பதறிப்போய்த் தீயைக் கூட்டினேன். தண்ணீர் வற்றியதும் மிளகாய்ப்பொடி கருகி வீடு முழுக்க நெடி. அம்மா முற்றத்தில் போய் நின்று இருமினாள். அதற்குள் நான் அடியில் கரண்டியை விட்டு நோண்டி முடித்திருந்தேன்.

யோசித்துப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் மூலம் ஈரம்தான். தண்ணீர் 100 டிகிரியில் கொதித்து ஆவியாகும். மீனின் மேல் ஈரம் இருக்கும்வரை, கல் எவ்வளவு சூடாக இருந்தாலும் அந்தப் பரப்பு அதற்கு மேல் ஏறாது. தோல் பொன்னிறமாகி முறுகுவதற்கோ 140 டிகிரிக்கு மேல் வேண்டும். ஈர மீனைக் கல்லில் போட்டால் அது அவிந்த மீன்தான். ஆகவே நான் காலையிலேயே மீனைக் கழுவி, பழைய பருத்தித் துண்டில் ஒற்றி எடுத்து, மூடாமல் ஒரு தட்டில் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்துவிடுகிறேன். குளிர்பெட்டிக் காற்றில் தோல் காய்ந்து காகிதம் மாதிரி ஆகிவிடும். ராத்திரி சமைப்பதற்குக் கால் மணி நேரம் முன்னால் உப்புத் தடவினால் மறுபடி கொஞ்சம் தண்ணீர் கசியும். அதையும் துண்டால் ஒற்றிவிட வேண்டும். அந்தத் துண்டைத் தனியாகத் துவைத்துப் போடுவது என் பொறுப்பு என்று வீட்டில் தீர்ப்பாகியிருக்கிறது.

மசாலாவை நான் இப்போது முன்னால் தடவுவதே இல்லை. இதில் பலருக்கு என்னோடு ஒத்துப்போகாது, தெரியும். மசாலா மீன் பொரிப்பு தனி ருசி, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்கு இளந்தீ, நிறைய எண்ணெய். இதற்கு நன்றாகக் காய்ந்த கல், கொஞ்சம் எண்ணெய். பொடி இந்தச் சூட்டைத் தாங்காது. எலுமிச்சைச் சாற்றில் ஊறினால் சதை வெளுத்து விறைத்துவிடும், பிறகு கல்லில் போட்டால் பொடிப்பொடியாக உதிரும். சாற்றைத் தட்டில் வைத்துப் பிழிந்துகொள்ளலாம். கல்லில் பிழிந்தால் இரும்பில் படிந்த எண்ணெய்ப் படலமும் கெட்டுப்போகும்.

இரும்பு என்றதும் அம்மா ஞாபகம்தான் வருகிறது. ரெண்டாவது தடவை நான் வீட்டுத் தோசைக்கல்லை எடுத்தபோது, கோவில் விளக்கைத் தொட்டுவிட்டவனைப் பார்ப்பது போல் பார்த்தாள். "ஏல, தோசைக்கல்லுல மீனைப் போடவா போற? நாளைக்குத் தோசை பூரா கவுச்சி அடிக்கும். எங்க அத்த குடுத்த கல்லுலே அது!" அவள் சொன்னது நியாயம். மீனுக்குத் தனிக் கல் இல்லாமல் இந்தச் சமையலில் இறங்க வேண்டாம். டவுன் ரதவீதியில் ஒரு பாத்திரக் கடையில் கனமான வார்ப்பிரும்புக் கல் ஒன்று வாங்கினேன். நான்ஸ்டிக் சட்டி மீனுக்கு லேசுதான், ஆனால் வெறுஞ்சட்டியை இவ்வளவு சூடாகக் காய வைத்தால் அதன் பூச்சு கெடும். கனமான இரும்பு வாங்கிய சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும், மீன் விழுந்தாலும் லேசில் குளிராது. அதைப் பழக்கியது அம்மாதான். சோப்புப் போட்டு ஒரே ஒரு தடவை தேய்த்து, அரிசி கழுவிய தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து, காயவைத்து, எண்ணெய் தடவிச் சூடாக்கி, பாதி பல்லாரியைக் குத்தித் தேய்த்து, ஆறவிட்டு, மறுபடி எண்ணெய். மூன்று நாள் இதே வேலை. "இப்பம் போடு உன் மீனை" என்று நாலாம் நாள் அனுமதி கிடைத்தது.

அன்றைக்கும் நான் நோண்டினேன். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, கரண்டியை அடியில் விட்டேன். மீன் அசையவில்லை. இன்னும் அழுத்தினேன். பின்னால் நின்ற அம்மா கையைத் தட்டிவிட்டாள். "தோசை வெந்தா தானே எழும்பும்லா? வேகாத தோசைய நோண்டுனா கிழியத்தான செய்யும்? மீனுக்கு மட்டும் வேற சட்டமா?"

நாற்பத்தேழு வருஷம் தோசை தின்றவனுக்கு இது தோன்றவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். மூணரை நிமிஷத்தில் ஓரம் பொன்னிறமாகச் சுருங்கியது. கல்லை லேசாக அசைத்தேன், மீன் வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. தோல் முறுகி ஒரு பட்டையான பிறகு கல்லைப் பிடித்துக்கொள்ள அதற்கு எதுவும் இல்லை, தானாகவே விட்டுவிடுகிறது. அதற்கு முன்னால் எந்தக் கரண்டியாலும் அதை எழுப்ப முடியாது.

இப்போது நான் செய்கிற முறை இது. கல்லை நடுத்தரத் தீயில் நாலைந்து நிமிஷம் காயவிடுவேன். ரெண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் முத்து மாதிரி உருண்டு ஓட வேண்டும். சொய்யென்று அங்கேயே வற்றினால் சூடு போதாது. தண்ணீர் முழுக்கப் போனபின் ரெண்டு மேசைக்கரண்டி கடலை எண்ணெய். செக்கு எண்ணெய் சீக்கிரம் புகைந்துவிடும் என்பதால் இதற்கு மட்டும் சுத்திகரித்த எண்ணெய் வாங்கி வைத்திருக்கிறேன். எண்ணெய் பளபளவென்று நெளியும்போது, தோல் பக்கம் கீழே இருக்கும்படி, துண்டின் நம் பக்கத்து ஓரத்தை முதலில் வைத்து நமக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைக்க வேண்டும். இப்படிச் செய்தால் எண்ணெய் நம் மேல் தெறிக்காது. தோல் சுருங்கி துண்டு வளையப் பார்க்கும். தோசைக்கரண்டியால் அரை நிமிஷம் மெதுவாக அழுத்திப் பிடித்தால் படிந்துவிடும். அவ்வளவுதான், அதற்கப்புறம் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். விரற்கடைக் கனமான துண்டுக்குத் தோல் பக்கம் நாலு நிமிஷம், திருப்பிப்போட்டு ஒன்றரையிலிருந்து ரெண்டு நிமிஷம். ஒரு தடவைதான் திருப்ப வேண்டும். ஒரு ஈட்டுக்கு ரெண்டு துண்டுக்கு மேல் போட வேண்டாம். பக்குவம் பார்க்க, கனத்த இடத்தில் முள்கரண்டியால் லேசாக நெம்பினால், கண்ணாடி போல் இருந்த சதை பால் வெள்ளையாகி இதழ் இதழாகப் பிரிய வேண்டும். வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு, உள்ளே 63 டிகிரி.

திருப்பிப்போட்ட கடைசி அரை நிமிஷத்தில்தான் மசாலா வருகிறது. உரலில் தட்டிய நல்லமிளகு, நாலு பல் பூடு, ஒரு கொத்துக் கறிவேப்பிலை. கல்லின் ஓரத்து எண்ணெயில் அது பொரிந்ததும் கரண்டியால் அள்ளி மீன் மேல் விடுவேன். கருகுவதற்கு முன் இறக்கிவிடலாம். வாசனை தெரு வரை போகும். பக்கத்து வீட்டு மைனி ஒரு நாள் காம்பவுண்டுச் சுவரில் எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, என்ன மீனு?" என்று கேட்டிருக்கிறாள்.

காய்கறி பாதித் தட்டு என்பதை நான் முதலில் ஒப்புக்குத்தான் எடுத்துக்கொண்டேன். ஒரு கேரட்டைச் சீவி ஓரத்தில் வைப்பேன். பசி அடங்கவில்லை, பத்து மணிக்கு முறுக்கு டப்பாவைத் தேடினேன். இப்போது நாலு பேருக்கு முக்கால் கிலோவுக்குக் குறைவதில்லை. மகாராஜநகர் உழவர் சந்தையில் ஞாயிற்றுக்கிழமை வாங்கிவிடுவேன். மீனுக்குச் சொன்னது அப்படியே வெண்டைக்காய்க்கும் பொருந்தும். கழுவித் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு நீளவாக்கில் ரெண்டாகக் கீறி, வெட்டிய பக்கத்தைச் சூடான கல்லில் கவிழ்த்து, மூன்று நிமிஷம் தொடாமல் விட்டால் வழவழப்பே இல்லாமல் அங்கங்கே கருக்கலாக வரும். உப்பு கடைசியில். கூடவே சின்ன உள்ளியை ரெண்டாக வெட்டிப் போட்டால் இனிப்புத் தட்டும். பீன்ஸும் குடைமிளகாயும் இதே போல ஆகும். முருங்கைக்கீரையை உருவி வைத்திருந்தால், பூண்டோடு ஒன்றரை நிமிஷம் பிரட்டினால் போதும். தடியங்காய், புடலங்காய் பக்கம் போகாதீர்கள், தண்ணீராகிவிடும். கத்தரிக்காய் எண்ணெயைக் குடிக்கும். சீனி அவரைக்காய்க்குப் பொறுமை வேண்டும், அதை விடுமுறை நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

காயை முதலில் முடித்துவிட வேண்டும். காய் கால் மணி நேரம் காத்திருக்கும், மீன் காத்திருக்காது. நான் ஏழே முக்காலுக்குக் கல்லை வைத்துக் காயைப் போடுவேன். எட்டு மணிக்குக் கல்லைத் துடைத்து மறுபடி காயவைப்பேன். மகளின் சைக்கிள் கேட்டில் இடிக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் மீன் கல்லில் விழும். அவள் கைகால் கழுவி வருவதற்குள் தட்டுக்கு வந்துவிடும். கால் பங்குக்கு அவித்த சீனிக்கிழங்கு, இல்லையென்றால் ஒரு கரண்டி சோறு. அம்மாவை மட்டும் என்னால் மாற்ற முடியவில்லை. "சோறு இல்லாம மீனா? சீக்காளி திங்கத மாதிரி" என்று ரசம் விட்டுப் பிசைந்த சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஒரு துண்டு வாங்கிக்கொள்வாள். முறுகின தோலை மகளுக்கு எடுத்துவைப்பாள், பேத்திக்கும் ஆச்சிக்கும் இடையே அதில் தினம் ஒரு பஞ்சாயத்து.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலத்தில் பெரிய மீன் விலை ஏறிவிடும். அப்போது வள்ளத்தில் வரும் அயிலை, சாளைதான் எனக்கு. இல்லையென்றால் குளத்து மீன். கெண்டையில் ஊசி முள் அதிகம், இந்த முறைக்கு ஆகாது. விராலும் ஜிலேபியும் பரவாயில்லை. சேற்று வாடைக்கு, புளி கரைத்த தண்ணீரில் ஒரு அலசு அலசி உடனே துடைத்துவிடச் சொல்வாள் அம்மா. செய்து பார்த்தேன், வாடை குறைகிறது.

மூன்று மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் எண்கள் இறங்கியிருந்தன. மாத்திரையும் சாப்பிட்டேன், சாயங்காலம் வ.உ.சி மைதானத்தைச் சுற்றி நடக்கவும் செய்தேன், மீனுக்கு மட்டும் அந்தப் பெருமையைக் கொடுக்க மாட்டேன். புரோட்டா இப்போதும் உண்டு, மாதம் ஒரு தடவை.

மனைவிக்கு ஒரு துண்டைப் பச்சையாகவே குளிர்பெட்டியில் விட்டுவைப்பேன். சுட்ட மீனை மறுபடி சூடாக்கினால் ரப்பர்தான். ஒன்பதரைக்கு வண்டிச் சத்தம் கேட்டதும் அடுப்பைப் பற்றவைக்கிறேன். அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே அடுப்படியை எட்டிப் பார்த்துக் கேட்பாள்: "ஏங்க, இன்னைக்கு மீனா, புட்டா?"